நாலாவது கட்டம்

சிவபாதசுந்தரத்தின் இடது காலில் மூன்று விரல்கள் இல்லை. பெருவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் மட்டும் தப்பியிருந்தன. தேனுஜன் ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்த அவருடைய பிளாட்டுக்குப் போய், அந்தக் காலைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினான். விரல்கள் போனதற்குத் தானும் ஒரு காரணம் என்பது அவனுக்குத் தெரியும். கிழவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

முதல் நாளே கிழவர் சட்டம் போட்டார்.

"அங்கிள் எண்டு கூப்பிடாதையும். நான் உம்மட கொம்மாவுக்குத் தம்பி இல்லை."

"சரி ஐயா."

"செருப்பை வெளியில விடும். கையைக் கழுவும். சோப் அங்க இருக்கு. முழங்கை வரைக்கும்."

தேனுஜன் கழுவினான். கிழவர் குளியலறை வாசலில் ஊன்றுகோலோடு நின்று பார்த்தார்.

"காணாது. திருப்பிக் கழுவும்."

திரும்பவும் கழுவினான். நேர்சாக மூன்று வருடம் வேலை செய்தவனுக்குக் கை கழுவப் பழக்கிய ஆள், இப்போது மூடப்பட்டுவிட்ட ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவர். அரை மணிக்கு ஒரு தரம் பிஸ்கட் வேகிற போறணையின் சூட்டை எழுதுகிற தாள்கள் எல்லாம் அவருடைய மேசைக்குத்தான் வரும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. மேசையில் தடித்த மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி இருந்தது. அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்திருந்தார். திகதி, காய்ச்சல், நாடி, மூச்சு, புண், கையெழுத்து.

"மகள் கேட்டவள்," என்றார். "மெல்பேர்னில இருந்துகொண்டு எல்லாம் தெரியோணும் அவளுக்கு. ஒவ்வொரு நாளும் எழுதிக் கையெழுத்து வையும். நான் பாத்துச் சரி போடுவன்."

அவரிடம் அதற்கென்றே ஒரு சிவப்புப் பேனை இருந்தது.

தேனுஜன் கொப்பியைப் பார்த்தான். நாலாவது கட்டம் மூச்சு. பேனையை எடுத்துத் திகதியை எழுதினான்.

அவன் வேலை செய்த தனியார் ஆஸ்பத்திரியில் இரவு வேலை மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. பதினாறு கட்டிலுக்கு இரண்டு பேர். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு நோயாளியின் தாளிலும் நாலு இலக்கங்கள் எழுத வேண்டும். பிறஷர், நாடி, காய்ச்சல் மூன்றையும் மெசின் சொல்லிவிடும். மூச்சுக்கு மெசின் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் சும்மா நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். பதினாறு கட்டிலுக்குப் பதினாறு நிமிடம். அந்த வார்டில் ஒருவரும் நிற்பதில்லை. சேர்ந்த முதல் கிழமையே மூத்த நேர்ஸ் ஒருத்தி சொன்னாள்: "பதினெட்டுப் போடும். பத்துப் போட்டாலும் டொக்டர் வந்து கேப்பார், இருபத்தஞ்சு போட்டாலும் கேப்பார். பதினெட்டைப் பாத்து ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

அவன் பதினெட்டுப் போட்டான். விடியப்புறம் ஐந்து மணிக்கு மேசையில் இருந்து, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, பதினாறு தாள்களிலும் நாலாவது கட்டத்தை ஒரே இருப்பில் நிரப்பினான். பத்து மணிக்குப் பதினெட்டு, இரண்டு மணிக்குப் பதினெட்டு, இன்னும் வராத ஆறு மணிக்கும் பதினெட்டு. மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வருடம் ஒன்றும் நடக்காவிட்டால் அது களவு என்பதே மறந்துபோகும்.

சிவபாதசுந்தரம் சிறுநீரகக் கல்லுக்கு வெட்டுவித்துக்கொண்டு வந்து படுத்திருந்தார். மூன்றாம் நாள் இரவு. பனடோல் கொடுத்திருந்தபடியால் காய்ச்சல் பெரிதாகக் காட்டவில்லை. நாடி கொஞ்சம் கூடத்தான் ஓடியது. இரண்டு மணிக்கு அவன் பிறஷர் பட்டியைச் சுற்றும்போது கிழவர் கண்ணைத் திறந்து, "போறணையை நிப்பாட்டியாச்சோ?" என்று கேட்டார். கனவு என்று நினைத்து, "ஓம், நிப்பாட்டியாச்சு, படுங்கோ" என்றான். அவன் முகத்தில் மாஸ்க், அறையில் அரை வெளிச்சம். கிழவர் கேட்டது கனவில் இல்லை. மூளைக்குப் போகிற இரத்தம் பழுதாகத் தொடங்கியிருந்தது.

ஆறரைக்கு டொக்டர் வந்தபோது கிழவரின் உதடு நீலம். டொக்டர் நின்று எண்ணினார். முப்பத்தெட்டு. சிறுநீரில் இருந்த கிருமி இரத்தத்துக்குள் இறங்கி, உடம்பு முழுக்கப் பரவி, கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பு தன்னையே அடிக்கத் தொடங்கியிருந்தது. செப்சிஸ். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பிறஷரைத் தூக்கிப் பிடிக்கிற மருந்தைத் தொடர்ந்து ஏற்றினால் கைகால் நுனிக்கு இரத்தம் போகாது. விரல்கள் அப்படித்தான் கறுத்தன. இரண்டு நாளில் மகள் உஷாந்தி வந்து இறங்கினாள். பெரிய டொக்டர் அவளிடம், "இது சரியான கெதியாப் போற வருத்தம். இரவு வரைக்கும் எல்லாம் நோர்மல். ஒருத்தராலும் முதலே சொல்லியிருக்க ஏலாது," என்றார். கையில் தாளை வைத்துக்கொண்டுதான் சொன்னார். தேனுஜன் மாஸ்க் போட்டபடி, நாலடி தள்ளி மருந்துத் தட்டோடு நின்றான்.

அதற்குப் பிறகு பத்து நாள் வேலைக்குப் போனான். பதினோராம் நாள் மாலை கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்றவன், பஸ் வந்ததும் ஏறவில்லை. அவ்வளவுதான். கடிதம் எழுதவில்லை. போனிலும் சொல்லவில்லை. திருகோணமலையில் தாயும் தகப்பனும் அவன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான் என்று நினைத்தார்கள். பின்னேரங்களில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் நின்றான். பகலில் வாடகை அறையில் படுத்திருந்தான். பஸ்ஸில் முன் சீட்டில் இருக்கிறவர்களின் முதுகைப் பார்த்து மூச்சு எண்ணினான். பதினைந்து. பதினேழு. பன்னிரண்டு. ஒருவருக்கும் பதினெட்டு வருவதில்லை.

பிறகு ருக்கியாதான் அவனுக்குப் போன் எடுத்தாள். அதே வார்டில் கூட்டித் துடைக்கிறவள், கிராண்ட்பாஸ்காரி. அவன் தொலைந்துபோன பிறகு தேடி எடுத்தது அவள் ஒருத்திதான்.

"என்ன மகன், மௌத்தாகிட்டீங்களோ எண்டு பாத்தேன்."

"இல்லை, இருக்கிறன்."

"சும்மாதானே ஈக்கிறீங்க. நம்மட கல்லு ஒப்பரேஷன் ஐயா, ஐசியுல கெடந்தாரே, வீட்டுக்குப் போறார். மகள் வெளிநாட்டுக்குப் போகோணும், கால் கட்ட ஆள் தேடுறா. ஒங்கட கை நல்ல கை. தெரிஞ்ச நேர்ஸ் ஒருத்தர் ஈக்கிறார் எண்டு மட்டும் நான் சொல்லிட்டேன்."

"ஏலாது, ருக்கியாத்தா."

"ஏன் ஏலாது? ராணி வீட்டு வேலையா பாக்குறீங்க?"

அன்று முடியாது என்றான். அடுத்த நாள் உஷாந்தி கேட்டபோது முடியும் என்றான். உதவி செய்யப் போனான் என்று எழுதினால் அது பொய். அந்தக் காலைப் பார்க்கத்தான் போனான். எந்த வார்டில் வேலை செய்தீர்கள் என்று உஷாந்தி கேட்டதற்கு, குழந்தைகள் வார்டு என்றான்.

மூச்சை எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எண்ணுகிறேன் என்று சொன்னால் எவருக்கும் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சில் வைக்க வேண்டும். படிக்கும்போது சொல்லித் தந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் செய்யாததை அவன் இப்போது ஒவ்வொரு நாளும் செய்தான். கால் கட்டி முடித்து, கடைசியாக, முழுதாக ஒரு நிமிடம். பதினாறு. பதினைந்து. பதினேழு. எழுதிக் கையெழுத்து வைப்பான். கிழவர் கண்ணாடியைப் போட்டு வரியை ஒரு தரம் வாசித்து, ஓரத்தில் சிவப்பில் சரி போடுவார். அவன் வாசலைத் தாண்டியதும் உள்ளே இரண்டு தாழ்ப்பாளும் விழும். மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். அதற்கிடையில் ஒரு நொடிகூட விடமாட்டார்.

அந்தக் கட்டடத்தில் ஒன்பது வீடுகள். ஐந்தில் ஆட்கள் இல்லை. சொந்தக்காரர்கள் லண்டனிலும் கனடாவிலும் இருந்தார்கள். மிச்ச வீடுகளில் ஆட்கள் இருந்தாலும் இரும்புக் கதவு எப்போதும் பூட்டு. கடல் காற்றுக்குப் பூட்டெல்லாம் துருப்பிடித்திருந்தது. கிழவருக்கு மனைவி இறந்து ஏழு வருடம். ஞாயிற்றுக்கிழமை உஷாந்தி வீடியோவில் வருவாள். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் கதைக்கிற ஒரே ஆள் தேனுஜன். அவனுக்கும் அப்படித்தான். போட்டோகொப்பிக் கடையில் எத்தனை கொப்பி, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்பதற்கு மேல் கதை இல்லை.

காலைக் கட்டும்போது சில நாட்களில் கிழவர் ஐசியு கதையைத் தொடங்குவார்.

"அங்க லைட் நிப்பாட்டுறதே இல்லை. பகலோ இரவோ எண்டு தெரியாது. வாய்க்குள்ள குழாய், கதைக்க ஏலாது. குழாயைப் பிடுங்கிப்போடுவன் எண்டு கையைத் துணியால கட்டியிருந்தவை."

"ஓம் ஐயா. அப்பிடித்தான் கட்டுறவை."

"ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை. ஆறாம் கட்டிலுக்கு மருந்து போச்சுதோ, ஆறாம் கட்டிலைத் திருப்பிப் போட்டதோ. எனக்குச் சிங்களம் விளங்கும். பிள்ளையள் பக்கத்தில நிண்டு கலியாண வீட்டுக்கு என்ன சாரி எண்டு கதைக்குதுகள். நான் ஆறாம் கட்டில். இருபத்தி மூண்டு நாள். என்ன செய்தனான் தெரியுமோ?"

"சொல்லுங்கோ."

"மெசினை எண்ணினனான். நிமிசத்துக்குப் பதினாலு தரம் எனக்காக மூச்சு விடும். எதிர்ச் சுவரில மணிக்கூடு. பதினாலு, பதினாலு, பதினாலு. ஒரு நாள் பன்னிரண்டாக் குறைச்சினம். பிறகு பத்து. மிச்சத்தை நான் விடோணும். அப்பதான் தப்பிட்டன் எண்டு விளங்கினது."

தேனுஜன் பஞ்சைக் கொண்டு மூன்றாம் விரல் இருந்த இடத்தைத் துடைத்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"நோகுதோ ஐயா?"

"இல்லாத விரல்தான் நோகும். இருக்கிறது நோகாது. உமக்குப் படிப்பிச்சிருப்பினமே."

முப்பத்தெட்டாம் நாள், கீழே காவலுக்கு இருக்கிற சிங்களக் கிழவர் தம்பி என்கிற மாதிரி "மல்லி" என்று கூப்பிட்டு ஒரு மண்ணிற உறையைக் கொடுத்தார். பெரியது, தடித்தது. மூலையில் ஆஸ்பத்திரியின் பெயர். தகப்பனின் சிகிச்சைத் தாள்கள் முழுவதையும் கேட்டு உஷாந்தி மூன்று மாதமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருப்பது தேனுஜனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிமேல் முறைப்பாடு செய்யப் போகிறாள் என்றும் தெரியும்.

முதலாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையில் நின்றான். அந்த இடத்தில் கைப்பிடிச் சுவருக்கு வெளியே குப்பை போடுகிற சந்து. கையை நீட்டி விட்டால் போதும். தபாலில் தொலைந்தது என்று போய்விடும். திரும்பக் கேட்க இன்னும் மூன்று மாதம். கடற்கரை ரயில் ஒன்று தெஹிவளைப் பக்கம் போகும்வரை நின்றான். பிறகு மேலே போய்க் கிழவரின் கையில் கொடுத்தான். நல்லவன் என்பதால் இல்லை. கையை நீட்ட அவனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

"வையும் அங்க," என்றார் கிழவர், பிறிட்ஜைக் காட்டி.

அடுத்த நாள் வந்தபோது உறை பிறிட்ஜுக்கு மேலேயே கிடந்தது. வாய்ப்பக்கம் ஒட்டியபடி, கிழியாமல். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பத்திரிகைகள் அதன்மேல் ஏறத் தொடங்கின. ஒவ்வொரு காலையும் செருப்பைக் கழற்றும்போதே அவன் கண் பிறிட்ஜுக்குப் போகும். ஒட்டியபடி இருக்கும். கை கழுவுவான். கிழவர் இப்போது குளியலறை வாசலுக்கு வந்து நிற்பதில்லை. கால் கட்டும்போது முன்னைப் போலக் கதைப்பதும் இல்லை. ஐசியு கதை நின்றுவிட்டது. வயது, மழை, மகளின் ஞாபகம் என்று தேனுஜன் தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டான்.

நாற்பத்தைந்தாம் நாள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியபோது இருபத்தாறு வந்தது. இன்னொரு நிமிடம் எண்ணினான். இருபத்தாறு. காய்ச்சல் இல்லை. கிழவர் சும்மா இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, வெளிக்கிடுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ஏன், எனக்கு என்ன?"

"மூச்சு கூட ஓடுது."

"எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

"அண்டைக்கும் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை," என்றான் தேனுஜன். சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கியது. கிழவர் அவனைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பிறகு எழும்பிச் சேட்டை மாற்றினார்.

த்ரீவீலில் காலி வீதியால் போனார்கள். வேறோர் ஆஸ்பத்திரிக்குத்தான் அவன் கூட்டிக்கொண்டு போனான். இரத்தமும் சிறுநீரும் பார்த்தார்கள். கிருமி திரும்பவும் தொடங்கியிருந்தது. "நல்ல நேரத்துக்கு வந்திட்டீங்கள்," என்று இளம் டொக்டர் ஒருத்தி சொன்னாள். இரண்டு நாள் ஊசி, ஐந்து நாள் குளிசை. அன்றைய வரியில் நாலாவது கட்டத்தில் இருபத்தாறு என்று எழுதினான். கிழவர் சிவப்பில் சரி போட்டார்.

அறுபத்தோராம் நாள் கட்டை அவிழ்த்தபோது பஞ்சில் ஒன்றும் ஒட்டவில்லை. தோல் மூடியிருந்தது. இளஞ்சிவப்பாக, மெல்லியதாக, ஆனால் முழுவதும். தேனுஜன் விரலால் சுற்றிவர அழுத்திப் பார்த்தான்.

"ஆறிட்டுது ஐயா. இனிக் கட்டத் தேவையில்லை. எண்ணெய் மாத்திரம் பூசுங்கோ."

"நிச்சயமா?"

"ஓம்."

"உள்ளுக்குள்ள ஒண்டும் இல்லையே? மேலால மூடி உள்ளுக்குப் பழுதாகிறதும் இருக்கு."

"இல்லை. நல்லா ஆறியிருக்கு."

கிழவர் காலைத் தூக்கித் தானும் ஒரு தரம் பார்த்தார். பிறகு எழும்பி, ஊன்றுகோல் இல்லாமல், பிறிட்ஜுக்குப் போனார். பத்திரிகைகளை இறக்கிவிட்டு உறையை எடுத்து வந்தார். வாய்ப்பக்கம் ஒட்டியபடியே இருந்தது. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். அடிப்பக்கம் கத்தியால் நேராக வெட்டப்பட்டிருந்தது. தாள்கள் மேசையில் வழுக்கி விழுந்தன.

"நாங்கள் பிஸ்கட் பக்கெட்டை அடியாலதான் வெட்டுறது," என்றார். "அப்பதான் வாய் ஒட்டினது சரியோ எண்டு பிறகு பாக்கலாம். பழக்கம்."

ஒரு தாளை எடுத்துச் சீஆர் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். ஆஸ்பத்திரித் தாளின் கடைசிக் கட்டத்தில் கொக்கி மாதிரி ஒரு கையெழுத்து, அடியில் ஒரு கோடு. கொப்பியில் அறுபது கொக்கிகள், அடியில் அறுபது கோடுகள்.

"இது உம்மடையோ?"

"ஓம்."

"குழந்தையள் வார்டு எண்டீர்."

"பொய்."

தேனுஜன் கதிரையில் இருந்த மேனிக்கு இருந்தான். கையுறையைக் கழற்றவில்லை.

"எப்ப பாத்தனீங்கள்?"

"நீர் கொண்டுவந்து தந்த அண்டைக்கே."

"அப்ப ஏன் என்னை..."

"கால் ஆறட்டும் எண்டு பாத்தனான். நீர் நல்லாக் கட்டுறீர். வேற ஆளை எங்க போய்த் தேடுறது?" கிழவரின் குரலில் கோபம் இல்லை. கணக்குத் தீர்க்கிற குரலும் இல்லை. தாளைப் பார்க்கிற குரல். விரலால் நாலாவது கட்டத்தைத் தொட்டார். "பத்து மணி, ரெண்டு மணி, ஆறு மணி. மற்ற இலக்கமெல்லாம் ஒவ்வொரு மாதிரிச் சரிஞ்சிருக்கு. இது மூண்டும் ஒரே பேனை, ஒரே அழுத்தம், ஒரே சரிவு. ஒரு இருப்பில எழுதினது. ஆறு மணிக்குப் பதினெட்டு. ஆறரைக்கு டொக்டர் முப்பத்தெட்டு எண்டு எழுதியிருக்கிறார். ஏறுமோ?"

"ஏறாது."

"பிஸ்கட் தாளில இப்பிடி நிரப்பினதுக்கு இருபத்தாறு வருசத்தில பதினொரு பேரை வீட்ட அனுப்பினனான். வெறும் பிஸ்கட்."

வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். கிழவர் கதிரையை இழுத்து எதிரே இருந்தார்.

"ரெண்டு மணிக்கு உண்மையா எத்தனை?"

"தெரியாது."

"ஒரு அண்ணளவாச் சொல்லும்."

இத்தனை மாதமும் தேனுஜன் அந்த இலக்கத்தைத்தான் தேடிக்கொண்டு கிடந்தான். அறையில் படுத்திருந்து, பஸ்ஸில் இருந்து, இருபத்தி நாலாக இருக்கும், இருபத்தெட்டாக இருக்கும், முப்பதுக்குக் கிட்ட என்றெல்லாம் போட்டுப் பார்த்தான். இப்போது ஏதாவது ஒன்றைச் சொல்லலாம். கிழவருக்குக் கையில் பிடிக்க ஒன்று கிடைக்கும். ஆனால் அதுவும் இன்னொரு பதினெட்டாகத்தான் இருக்கும்.

"தெரியாது ஐயா. நான் நிண்டு பாக்கேல்லை."

"நான் ஏதும் கதைச்சனானோ?"

"போறணையை நிப்பாட்டியாச்சோ எண்டு கேட்டனீங்கள்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"நிப்பாட்டியாச்சு, படுங்கோ எண்டனான்."

கிழவர் அந்தத் தாளை மற்றத் தாள்களோடு சேர்த்து அடுக்கி வைத்தார். பிறகு கொப்பியின் கடைசியிலிருந்து ஒரு ஒற்றைத் தாளை அடிமட்டம் வைத்துக் கிழித்து, பேனையோடு அவன் பக்கம் தள்ளினார்.

"எழுதும்."

"என்ன எழுதுறது?"

"நடந்ததை எழுதும். அந்தக் கட்டத்தில என்ன எழுதியிருக்கோணுமோ அதை எழுதும்."

தேனுஜன் கையுறையைக் கழற்றினான். எழுதினான். பத்து மணி, எண்ணவில்லை. இரண்டு மணி, எண்ணவில்லை. ஆறு மணி, எண்ணவில்லை. முழுப் பெயர், அடையாள அட்டை நம்பர், திகதி. கொக்கியைப் போட்டு அடியில் கோடு இழுத்தான். மூன்று வரிதான். அதற்கு அவனுக்குப் பத்து நிமிடம் எடுத்தது.

"இது உஷாந்திக்குப் போகும்," என்றார் கிழவர். "அவள் விடமாட்டாள். உமக்கு இந்த வேலை இனி எங்கயும் கிடையாது."

"தெரியும்."

"இந்தக் கொப்பியும் போகும். நாப்பத்தஞ்சாம் நாள் இருபத்தாறு எண்டு இருக்கு. அதையும் அவள் பாக்கோணும். ஒண்டை ஒளிச்சுப்போட்டு மற்றதை அனுப்புற ஆள் நானில்லை."

தேனுஜன் தலையை ஆட்டினான். நன்றி என்று சொல்ல வந்தது. அந்தச் சொல் அந்த இடத்தில் நிற்காது என்று தெரிந்தது. பஞ்சையும் பழைய கட்டையும் பையில் போட்டு முடிந்தான். கத்தரிக்கோலைத் துடைத்தான். எழும்பினான்.

"எங்க போறீர்? இண்டைக்கான வரி முடியேல்லை."

கொப்பி திறந்தபடி இருந்தது. காய்ச்சலும் நாடியும் வந்தவுடன் எழுதியிருந்தான். நாலாவது கட்டம் வெறுமை.

அவன் திரும்பவும் இருந்து, பழக்கத்தில், மணிக்கட்டைப் பிடிக்கக் கை நீட்டினான். கிழவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நாடி பிடிக்கிற மாதிரி நடிக்க வேண்டாம். முதல் கிழமையே எனக்குத் தெரியும். நேர பாத்து எண்ணும்."

தேனுஜன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். கிழவர் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி நிமிர்ந்து இருந்தார். மெல்லிய வெள்ளைச் சேட். மேல் பொத்தான் பூட்டவில்லை. தொண்டைக்குக் கீழே, ஐசியுவில் மருந்துக் குழாய் ஏற்றிய இடத்தில், ஒரு சிறிய தழும்பு. அதற்குக் கீழே நெஞ்சு ஏறி இறங்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கல்கிசையிலிருந்து வந்த ரயில் கட்டடத்தை அதிரவைத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் போனது. அது போய் முடிந்த பிறகும் நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது. அவன் இடையில் விடவில்லை.

"எத்தனை?"

"இருபத்திரண்டு."

"கூட."

"ஓம். கூட. இன்னொருக்கா எண்ணட்டோ?"

"தேவையில்லை. இது கிருமி இல்லை." கிழவர் கண்ணாடியைப் போட்டார். "எழுதும். உள்ளதை எழுதும்."

இருபத்திரண்டு என்று எழுதினான். புண் என்ற கட்டத்தில் ஆறிவிட்டது என்று எழுதினான். கையெழுத்து வைத்தான். கிழவர் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, வரியை முதலிலிருந்து ஒரு தரம் வாசித்தார். இருபத்திரண்டில் கொஞ்சம் நின்றார். சிவப்புப் பேனையை எடுத்து ஓரத்தில் சரி போட்டார். கொப்பியை மூடினார்.

"நாளைக்கு..." என்றான் தேனுஜன்.

"நாளைக்கு என்ன? கால் ஆறிட்டுது எண்டு நீர்தானே எழுதினீர்."

வாசலில் குனிந்து செருப்பைப் போட்டான். கிழவர் பின்னால் வந்தார். ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிற சத்தம் புதிதாக இருந்தது, ஒரு கால் அழுத்தமாகவும் மற்றது மெல்லமாகவும்.

"கையைக் கழுவேல்லை நீர்," என்றார்.

தேனுஜன் நிமிர்ந்து பார்த்தான். கிழவர் அவனைப் பார்க்காமல் கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ பைப் இருக்கு. அங்க கழுவுறன் ஐயா."

கதவு சாத்தியது. அவன் இரண்டு படி இறங்கி நின்றான். மேல் தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. ஐந்து வீடுகள் பூட்டியிருந்த அந்த மாடிப்படியில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவன் காத்து நின்றான். என்னத்துக்கு என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் கிழவரும் நகரவில்லை. நடக்கிற சத்தம் வரவில்லை.

கடைசியில் கீழ்த் தாழ்ப்பாளும் விழுந்தது. தேனுஜன் இறங்கிப் போனான்.